உறுதிமொழிப் பக்கமும் நன்றியுரைப் பக்கமும்

செப்டம்பர் 5 அட்டுவம்பட்டிக்குக் கொஞ்சம் சிக்கலான தேதி. ஆசிரியர் தினம் என்பதால் நாடு முழுக்க அன்று ஆசிரியர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். பொன்னாடை, கேடயம், கைதட்டல் எல்லாம் உண்டு. அன்னை தெரசா கல்கத்தாவில் காலமானதும் 1997-ல் இதே நாளில்தான். கத்தோலிக்கத் திருச்சபை அவருடைய திருநாளாகக் கொண்டாடுவதும் இதே தேதியைத்தான். 1984-ல் தமிழக அரசு பெண்களுக்கென்றே தொடங்கி, கொடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டியில் நிலைபெற்ற பல்கலைக்கழகம், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் பெயரை வாங்கிக்கொண்டது.

அந்தப் பெயருக்கு உரியவர் 1979-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது, பரிசோடு வழக்கமாக வைக்கும் விருந்தை ரத்து செய்து அதன் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அப்படியே விருந்து நின்றது. ஆனால் பரிசை அவர் மறுக்கவில்லை. ஆஸ்லோவுக்குப் போய் நேரில் வாங்கிக்கொண்டார். இந்த வேறுபாடு கவனிக்க வேண்டியது.

மற்ற பல்கலைக்கழகங்களைப் போலவே மகளிர் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டறிக்கை உண்டு, தரமதிப்பீட்டுக் குழு வருகை உண்டு. யார் எத்தனை கட்டுரை எழுதினார், யாருக்குக் காப்புரிமை கிடைத்தது, யாருக்கு ஆராய்ச்சித் திட்டம் வந்தது, யார் வெளிநாட்டு மாநாட்டில் பேசினார் என்று கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். பேராசிரியர், அலுவலர் சாதனைகளைப் பறைசாற்றாத நிறுவனம் இன்று பிழைக்காது. இங்கே ஒரு பழைய கேள்வி தலைதூக்குகிறது. ஒருவர் செய்த நல்ல காரியம் அவருடையதா? 'நான் செய்தேன்' என்று சொல்லிக்கொள்வது ஆன்மிகக் குறையா, அல்லது சொல்லாமல் விடுவதுதான் குறையா?

திருச்சபையே இதில் இரண்டு பக்கமும் நிற்கிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பது நற்செய்தியின் போதனை. அதே சபைதான் தெரசாவுக்கு 2003 அக்டோபர் 19-ல் அருளாளர் பட்டமும், 2016 செப்டம்பர் 4-ல் புனிதர் பட்டமும் கொடுத்தது. அதுவும் சும்மா கொடுத்துவிடவில்லை. சாட்சிகளை விசாரித்தார்கள், மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதிய கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸையும் அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். பதிவுக் கட்டணம் கட்டினால் வீடு தேடி வருகிற 'சிறந்த பேராசிரியர்' விருதுகளுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு விசாரணை இருந்தால், பாதிக் கேடயங்கள் கடையைவிட்டே வெளியே வந்திருக்காது.

தமிழ்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் முதல் சில தாள்கள் மனப்பாடம். கெட்டி அட்டை, பொன் எழுத்து, வழிகாட்டியின் சான்றிதழ், பிறகு உறுதிமொழி. 'இந்த ஆய்வு முழுக்க என் சொந்த உழைப்பு. இதற்கு முன் வேறெந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்பட்டதல்ல' என்று மாணவி கையெழுத்துப் போடுகிறாள். தாளைப் புரட்டினால் நன்றியுரை. அதன் முதல் வரியில் எல்லாம் வல்ல இறைவன் வந்துவிடுவார். அவன் அருளின்றி எதுவும் நடந்திருக்காது என்பார்கள். அடுத்து வழிகாட்டி, துறைத்தலைவர், பதிவாளர், பெற்றோர், பொறுத்துக்கொண்ட கணவர், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார், புத்தகம் தேடிக் கொடுத்த நூலகர். கடைசியில், இரவெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்த டிடிபி சென்டர்.

ஒரு தாளில் எல்லாம் நான். மறுதாளில் நான் ஒன்றுமே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் எவரும் இந்த முரண்பாட்டைக் கேள்வியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் தேர்வு சுவையாக இருந்திருக்கும்.

சைவ சித்தாந்தம் கேட்டிருக்கும். உயிரைப் பிடித்த மலங்கள் மூன்றில் ஆணவம்தான் மூத்தது. செம்பில் களிம்புபோல் தொடக்கமே இல்லாமல் ஒட்டியிருப்பது என்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் முடித்த சிவஞானபோதத்தில், பத்தாவது சூத்திரம் இதற்கு மருந்து சொல்கிறது. இறைவனோடு ஒன்றி, அவன் பணியில் நின்றால் மலமும் மாயையும் வினையும் விட்டுப்போகும். கீதையும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறது. வேலையில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை. 'செய்பவன் நான்' என்று நினைப்பதே அகங்காரத்தின் மயக்கம். ஊர்ப்பேச்சில் இவ்வளவும் 'எல்லாம் அவன் செயல்' என்ற மூன்று சொல்லில் அடங்கிவிடும்.

இந்தப் பார்வைக்குத் தமிழ்நாடு தந்த மிகப் பெரிய சான்று ராமானுஜன். தன் சூத்திரங்கள் நாமக்கல் நாமகிரித் தாயார் கொடுத்தவை என்று சொல்லிவந்தவர். ஆனால் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தாயாரைப் பற்றிப் பேசவில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தன் தேற்றங்களை வரிசையாக எழுதி, மதிப்பிருந்தால் வெளியிட விரும்புவதாகச் சொன்னார். பேராசிரியர் அல்ல, பட்டமும் இல்லை, அலுவலகப் பணியாளர். அருள் தாயாருடையது, கையெழுத்து என்னுடையது என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி வந்தபோதும் அதை ஏற்றுக்கொண்டார். ஆக, ஆய்வேட்டின் அந்த இரண்டு தாள்களும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்க முடியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாரிடமும் இரண்டு தாள்களையும் கொடுப்பதில்லை. சிலருக்கு உறுதிமொழித் தாள் மட்டும் கிடைக்கும், சிலருக்கு நன்றியுரைத் தாள் மட்டும்.

அட்டுவம்பட்டி இருக்கும் அதே கொடைக்கானலில், கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேலே 1899-ல் நிறுவிய சூரிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளலாம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியப் புள்ளிகளை நிறமாலையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஆரம்போல் பாய்வதைக் கண்டார். உலகம் இன்றுவரை அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. 1911-ல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1915-ல் ராயல் சொசைட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது.

அவர் மனைவி மேரி அக்வொர்த் எவர்ஷெட்டும் வானியலாளர். திருமணத்துக்கு முன்பே தென்வானத்து விண்மீன்களுக்கு ஒரு கையேடு எழுதியவர். கொடைக்கானலில் இருந்த காலத்தில் சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தார். தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி அதைப் பிறந்த வீட்டுப் பெயரான ஓர் என்ற பெயரில் வெளியிட்டார். 1917-ல் ஆய்வகத்தின் நினைவுக் குறிப்பு வரிசையில் தீக்கொழுந்துகளைப் பற்றிய பெரிய அறிக்கை வந்தபோது கணவர் பெயரோடு அவர் பெயரும் அச்சானது. அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமல்ல. லண்டன் அரச வானியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியதே 1916-ல்தான். மேரிக்கு 1924-ல் இடம் கிடைத்தது. அதற்குள் மலையைவிட்டு அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இப்போது மேரியிடம் போய், 'பலனை எதிர்பார்க்காதீர்கள் அம்மா, செயலில்தான் உரிமை' என்று சொன்னால் எப்படி இருக்கும்? தத்துவம் சரியாகத்தான் இருக்கும். சொல்லும் இடம்தான் சரியில்லை. கையில் இருப்பதைத் துறக்கலாம். கைக்கு வராததைத் துறந்ததாகக் காட்டுவது பொய்க்கணக்கு. அடக்கம் என்ற அறத்தை நம் சமூகம் யாரிடம் அதிகமாக எதிர்பார்த்தது என்று பட்டியல் போட்டால், பெண்களும் கூலிக்காரர்களும்தான் மேலே வருவார்கள். 1925-ல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்ற பெயர் வந்ததில் இந்த நியாயம் இருக்கிறது. அந்தப் 'பெரியார்' பட்டத்தையே அவருக்குக் கொடுத்தது 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. பட்டம் கொடுக்கும் இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தது அப்போது அபூர்வம்.

மலைக்கு அடிவாரத்திலேயே இந்தக் கேள்விக்கு ஒரு கோயில் இருக்கிறது. பழனித் தலபுராணம் அடிப்படையில் ஒரு பரிசுப் போட்டியின் கதை. உலகைச் சுற்றி வருபவருக்குக் கனி என்றார்கள். முருகன் மயிலேறி உண்மையிலேயே சுற்றி வந்தார். அண்ணன் தாய் தந்தையைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். பக்தர்கள் மன்னிக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர் யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால் சிரித்துவிடுவார். ஊர் ஊராக அலைந்து தரவு திரட்டியவர் ஒருவர், வழிகாட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவர் இன்னொருவர். விதியை நடுவர்களே இடையில் புது விளக்கம் சொல்லி மாற்றினார்கள் என்ற குறை வேறு.

தோற்றவர் கோபித்துக்கொண்டு கோவணத்தோடு மலையேறி நின்றார். அது துறவா, ஆட்சேபமா? புராணம் அதைக் கோபம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஔவையார் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் நாளடைவில் அதே கோலம் துறவின் உச்சமாகவும் ஆகிவிட்டது. கோயில் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. தண்டம் பிடித்த ஆண்டிதான் மூலவர். சாயரட்சைக்கு அவருக்கே ராஜ அலங்காரம். வீட்டில் மாட்ட எந்தப் படம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால், பெரும்பாலானவர்கள் ராஜ அலங்காரத்தையே கேட்டு வாங்குவார்கள். ஆண்டிப் படம் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. துறவைக் கும்பிடலாம், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிற இந்தக் குடும்பப் புத்தியைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

திருவள்ளுவருக்கும் இந்தப் புத்தி இருந்திருக்கிறது, இன்னும் நுட்பமாக. அறத்துப்பாலில் இல்லறவியலின் கடைசி அதிகாரம் 'புகழ்'. திருக்குறளின் 24-வது அதிகாரம். அடுத்த அதிகாரமான 'அருளுடைமை'யிலிருந்து துறவறம் தொடங்கிவிடுகிறது. புகழைத் தாண்டித்தான் துறவுக்குப் போக முடியும் என்பதுபோல் அந்த வரிசை. புகழுக்கு முந்திய இரண்டு அதிகாரங்கள் ஒப்புரவும் ஈகையும். கொடுக்காதவனுக்குப் புகழ் இல்லை என்பதால் அவை முன்னே நிற்கின்றன. வாங்கிய விருதைவிடக் கொடுத்த கொடையைத்தான் அவர் கணக்கில் எடுக்கிறார். ஒரு பேராசிரியரின் சாதனையை இந்த அளவுகோலில் நிறுத்தினால், கட்டுரை எண்ணிக்கைக்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கும். யாருக்கு வழி திறந்துவிட்டார்? யாருடைய முதல் கட்டுரையில் தன் பெயரைப் பின்னால் தள்ளிக்கொண்டார்?

பெயர் போடுவது பெருமைக்கு மட்டும் என்று நினைத்தால் அதுவும் பிழை. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. எல்லாம் இறைவனின் மேலான மகிமைக்கே என்பது அவர்களுடைய குறிக்கோள் வாசகம். ஏழ்மையும் கீழ்ப்படிதலும் அவர்கள் எடுத்துக்கொண்ட வாக்குறுதிகள். அங்கே இருந்த லூயி அங்லாத் என்ற பிரெஞ்சுக் குரு பழனிமலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து குவித்தார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் தாவரக் காப்பகத்தை வளர்த்தவர். பழனிமலைத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1999-ல் வந்தது.

இந்தக் காப்பகங்களில் ஒரு தாளைப் பார்த்தால் போதும். உலர்த்தி ஒட்டிய செடி. ஓரத்தில் ஒரு சீட்டு. எந்த ஊர், எத்தனை உயரம், என்ன தேதி, சேகரித்தவர் யார், அவருடைய வரிசை எண் என்ன. புது இனத்துக்குப் பெயர் வைத்தால், வைத்தவர் பெயரும் அந்தச் செடியின் பெயருக்குப் பின்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். தனக்கென்று சொத்தே இல்லை என்று வாக்குக் கொடுத்த ஒரு துறவியின் பெயரும் அப்படித் தாவரவியலில் நிற்கிறது. இதில் ஆணவம் எங்கே? நாளைக்கு யாராவது, 'இந்தச் செடி அந்த ஊரில் இல்லையே' என்றால் யாரைக் கேட்பது, எந்த எண்ணைத் தேடுவது என்று தெரிய வேண்டும். தப்பு என் தலையில் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் அந்தக் கையெழுத்து. மாணவி உறுதிமொழித் தாளில் போடும் கையெழுத்துக்கும் உண்மையான பொருள் இதுதான்.

பெயர் பொறுப்பாக இருந்தவரை கெடுதல் இல்லை. புள்ளியாக மாறியபோது வந்தது வினை. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு விஞ்ஞானியின் மொத்த உழைப்பையும் ஒரே எண்ணில் சொல்லும் எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்தார். 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறையைப் புகுத்தியது. அதன் பிறகு பணம் கட்டினால் கட்டுரை போடும் இதழ்கள் மழைக்காளான்போல் முளைத்தன. 2018-ல் மானியக் குழு தன் ஒப்புதல் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. இன்று கல்லூரி வாசல் பிளெக்ஸ்களில் 'உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்' என்ற வாசகத்தைப் பார்க்காமல் போக முடியாது. ஸ்டான்ஃபோர்டின் இயோனிடிஸ் குழு தொடங்கிவைத்த பட்டியல் அது. உண்மையாக உழைத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. கீதையின் எச்சரிக்கை இவ்விடத்தில் சரியாகப் பொருந்தும். பலனைக் குறியாக வைத்தால் வேலையே பலனுக்கு ஏற்றபடி வளைந்துவிடுகிறது.

ரஷ்யக் கணித அறிஞர் கிரிகோரி பெரல்மான் மறுகோடி. 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் 2010-ல் பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றார். இரண்டாவதை மறுக்க அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, தனக்கு வழி காட்டிய ஹாமில்டனின் பங்கு தன் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது. பரிசுக் குழு ஒரு பெயரைத்தான் பார்த்தது, அவர் இரண்டு பெயர்களைப் பார்த்தார். அவருடைய மறுப்பில் துறவைவிடக் கணக்கு நேர்மைதான் தூக்கலாகத் தெரிகிறது.

அந்தக் கணக்கை இன்னும் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கொடைக்கானல் ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். காலையில் மேகம் திரள்வதற்குள் கூரையைத் திறக்க வேண்டும், கண்ணாடித் தகட்டைப் பொருத்த வேண்டும், எடுத்ததைக் கழுவி உலர்த்தித் தேதி போட்டு அடுக்க வேண்டும். இயக்குநர்கள் மாறினார்கள், நாடே மாறியது, வேலை நிற்கவில்லை. அந்தத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றியிருக்கிறது. சூரியச் சுழற்சியை ஆராய்பவர்களுக்கு நூறாண்டைத் தாண்டி ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் பொக்கிஷம் அது. விளைவுக்கு எவர்ஷெட் பெயர் இருக்கிறது. தகடுகளுக்குக் கொடைக்கானல் தரவு என்று ஊரின் பெயர்தான். ஊர் பெயரில் அடங்கிப்போன உதவியாளர்கள் இறைபணியில் நின்றார்களா, வெறும் சம்பளத்துக்கு நின்றார்களா என்று மெய்கண்டாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி இதழ்கள் இந்தக் குறையை உணர்ந்திருக்கின்றன. 2014 முதல் புழக்கத்துக்கு வந்த பங்களிப்பு வகைப்பாடு ஒன்று, ஒரு கட்டுரையில் யார் எதைச் செய்தார் என்று 14 தலைப்புகளில் பிரித்துக் காட்டச் சொல்கிறது. யோசனை யாருடையது, சோதனை செய்தவர் யார், தரவைப் பராமரித்தவர் யார், பணம் திரட்டியவர் யார் என்று போகிறது பட்டியல். நல்ல தொடக்கம்தான். ஆனால் அது கட்டுரை ஆசிரியர்களுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை. ஆய்வக உதவியாளர், நூலக அடுக்காளர், விடுதிச் சமையல்காரம்மா, மலைச்சாலையில் மூடுபனிக்குள் பேருந்தை ஓட்டிக்கொண்டு மாணவிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஓட்டுநர் எவருக்கும் அந்தப் 14-ல் இடமில்லை. பல்கலைக்கழகங்கள் 'பேராசிரியர், பணியாளர் சாதனைகள்' என்று தலைப்புப் போடும்போது, இரண்டாவது சொல்லுக்கு அடியில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. மிஞ்சினால் ஓய்வு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். இருபது ஆண்டு ஒரு சோதனைச்சாலையின் கண்ணாடிக் குழாய் உடையாமல் பார்த்துக்கொண்டவரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று ஆண்டறிக்கை தயாரிக்கும் உதவிப் பதிவாளரிடம் கேட்டால், படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றுதான் பதில் வரும். படிவத்தைத் திருத்தும் அதிகாரம் ஆட்சிக்குழுவுக்கு உண்டு.